பாம்புக்குத் தலை ஒன்றே!

"இரண்டு தலை உண்டாம்! ஆறு திங்கள் இந்தத் தலை ஆளுமாம், ஆறு திங்கள் அந்தத் தலை ஆளுமாம்! வீட்டிலே வைத்திருந்தால் செல்வம் கொழிக்குமாம்! வெளிநாட்டான் வருவானாம், எடை பார்ப்பானாம், கோடி கோடியாகக் கொட்டிக் கொடுத்து வாங்கிப் போவானாம்!"

கேட்டீர்களா தோழர்களே, இந்த 'ஆம்'களின் அணிவகுப்பை! தமிழிலே 'ஆம்' என்னும் சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. தனியே நின்றால், 'உண்மைதான்' என்று ஒப்புக்கொள்ளும். வினையின் வாலிலே ஒட்டிக்கொண்டால், 'யாரோ சொன்னார்கள், எனக்குத் தெரியாது' என்று நழுவிக்கொள்ளும். நம் நாட்டிலே மூடநம்பிக்கை முழுவதும் இந்த இரண்டாவது 'ஆம்' மீது கட்டப்பட்ட கோட்டை. கண்டவன் எவனும் இல்லை. கேட்டவன் ஊர் முழுக்க இருக்கிறான். அந்தக் கோட்டையிலே இன்று புதிதாய்க் குடியேறியிருப்பது ஆதிசேடனும் அல்ல, கார்க்கோடகனும் அல்ல. மண்ணுக்குள்ளே ஒளிந்து வாழும் ஓர் ஏழைப் பாம்பு! இருதலை மணியன் என்றும், இருதலைப் பாம்பு என்றும், மண்ணுளிப் பாம்பு என்றும் நாம் அழைக்கும் சாது உயிர்.

ஓட்டப்பிடாரம் என்னும் பெயரைச் சொன்ன உடனே உங்கள் நெஞ்சிலே எழுவது யார் உருவம்? 1872ஆம் ஆண்டு அங்கே பிறந்த வ. உ. சிதம்பரனாரின் உருவம் அல்லவா! கடலையே தன் உடைமை என்று எண்ணியிருந்த வெள்ளைக்காரக் கப்பல் முதலாளிகளுக்கு எதிராக, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட செம்மலின் ஊர் அது. மேற்கே கரிசல், கிழக்கே மணல், அதற்கும் அப்பால் முத்துக் கடல். வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும். பெய்யாவிட்டால் கடன் விளையும். அந்த மண்ணின் மைந்தனிடம், உழுது பயனில்லை, உழைத்துப் பயனில்லை, பாம்பு ஒன்றைப் பிடித்தால் போதும், பத்துத் தலைமுறைக்குக் கவலையில்லை என்று ஒருவன் வந்து ஓதினால்? வறுமை காதைத் திறக்கும். அறியாமை கதவைத் திறக்கும்.

காட்சி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். உடைமரத்து நிழல். ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர். பளபளக்கும் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய தரகர் ஒருவர்.

"பெரியவரே! இருதலை மணியன் கண்ணில் பட்டதுண்டா?"

"படும் தம்பி. மழை பெய்தால் வெளியே வரும். கண்டால் ஒதுங்கிப் போவோம்."

"ஒதுங்கிப் போவதா! இலட்சுமி அல்லவா அது! எத்தனை கிலோ இருக்கும்?"

"பாம்பை யார் தம்பி தராசிலே போட்டுப் பார்த்தார்கள்?"

"அதிலேதான் இருக்கிறது சூட்சுமம். எடை ஏற ஏற விலை ஏறும். சென்னையிலே ஆள் இருக்கிறார். அவருக்கு மேலே பம்பாயிலே ஆள். அவருக்கும் மேலே அயல்நாட்டிலே ஆள்."

"அந்தக் கடைசி ஆளை நீங்கள் பார்த்ததுண்டா தம்பி?"

தரகர் விடை சொல்லவில்லை. சொல்ல முடியாது! ஏனெனில் இந்த வாணிபத்திலே விற்பவன் உண்டு, விற்பவனிடம் வாங்கி மறுபடியும் விற்பவன் உண்டு, முன்பணம் பெற்று ஓடுகிறவன் உண்டு. கடைசியில் வாங்குபவன் மட்டும் கண்ணுக்குத் தெரியமாட்டான். கடவுளைப் போலவே அவனும், இருக்கிறான் என்று சொல்லப்படுவான். வந்தான் என்று சொல்லப்படமாட்டான்! இரிடியக் கலசம் என்று சொல்லி ஏமாற்றினார்களே, அதே நாடகம், பாத்திரம்தான் வேறு. அங்கே செம்புப் பாத்திரம், இங்கே செம்மண் நிறப் பாம்பு.

வால் எப்படித் தலை ஆயிற்று?

இனி அந்தப் பாம்பைப் பார்ப்போம். தரகன் கண்ணால் அல்ல, அறிவுக் கண்ணால்.

இருதலை மணியன் முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை வளரும் தடித்த உடலுடைய பாம்பு. செம்பழுப்பு நிறம். செதில்கள் சிறியவை, வழுவழுப்பானவை. கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது. கண் சிறியது. மூக்கு முனை ஆப்புப் போன்றது. அதுதான் அதன் மண்வெட்டி. உதிரி மண்ணைக் குடைந்து உள்ளே சென்று, தலையை மட்டும் மேலே வைத்துக்கொண்டு காத்திருக்கும். இரவிலே எலி அந்தப் பக்கம் வந்தால், ஒரே பாய்ச்சல், சுற்றி வளைத்து இறுக்கும், விழுங்கும். நஞ்சு இல்லை. நச்சுப் பல்லும் இல்லை. மனிதனைக் கடிப்பது மிக அரிது.

வால்? அங்கேதான் இருக்கிறது கதையின் கரு. மற்றப் பாம்புகளின் வால் கூர்ந்து மெலிந்து முடியும். இதன் வாலோ, வெட்டி வைத்தது போல மொட்டையாக, தலை அளவே பருத்து முடியும். கீரியோ பருந்தோ நாயோ நெருங்கினால், இது என்ன செய்கிறது? தலையைச் சுருளுக்கு அடியிலே புதைத்துக்கொள்கிறது. வாலை மேலே தூக்கி ஆட்டுகிறது. பகைவன் அதைத் தலை என்று எண்ணி அதன் மீது பாய்கிறான். வால் கடிபடும், தலை பிழைக்கும். இந்தப் பாம்புகளின் வாலிலே பழைய காயங்களின் தழும்புகள் காணப்படுவது உண்டு. எத்தனையோ தலைமுறைகளாக, எந்தப் பாம்பின் வால் சற்றே அதிகமாகத் தலையை ஒத்திருந்ததோ அது பிழைத்தது, குட்டி ஈன்றது, ஒவ்வாதது இரையானது. டார்வின் 1859இல் உலகுக்கு உரைத்த இயற்கைத் தேர்வு இதுதான். பகைவனை ஏமாற்ற ஏற்பட்ட வால் அது. கீரி ஏமாந்தது, பருந்து ஏமாந்தது, ஆறறிவு படைத்த மனிதனும் ஏமாந்தான்! கீரியாவது கடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. மனிதன் கோடி ரூபாய் விலை வைத்துக் கும்பிடுகிறான்!

'ஆறு திங்களுக்கு ஒரு தலை' என்பாரிடம் கேளுங்கள்: பாம்பின் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று பின்னோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றனவே, ஆறு திங்களுக்கு ஒருமுறை அவை திரும்பிப் படுக்குமா? முன்பக்கம் இருக்கும் இதயம் பின்பக்கம் போகுமா? வாலுக்கு முன்னே இருக்கும் கழிவாய் தலைக்கு முன்னே வருமா? மூளை எந்தத் தேதியில் இடம் பெயரும்? பஞ்சாங்கத்திலே அதற்கு நாள் குறித்திருக்கிறதா?

இரண்டு தலைப் பாம்பு உலகிலே பிறப்பதே இல்லையா என்றால், பிறப்பது உண்டு. கரு இரண்டாகப் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டால், ஓர் உடலில் இரு தலைகள் தோன்றும். கன்றுக்குட்டியிலும் ஆமையிலும் இப்படி நேர்வது உண்டு. ஆனால், அந்த இரு தலைகளும் பக்கம் பக்கமாக முன்முனையில் இருக்குமே தவிர, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று இருக்கவே இருக்காது. அது கருவில் நேர்ந்த குறை. கடவுள் அளித்த வரம் அல்ல. அத்தகைய உயிர்கள் காட்டிலே நெடுநாள் வாழ்வதும் அரிது.

இன்னொன்றும் கேளுங்கள். பாம்பாட்டிகள் சிலர் இதன் மொட்டை வாலிலே கீறி, வாய் போலவும் கண் போலவும் தழும்பு ஏற்றி, 'பார் இரண்டாம் தலையை' என்று காட்டிய கொடுமையும் நடந்தது. கல்லிலே தலை செதுக்கினால் கடவுள். கத்தியால் தலை கீறினால் காசு. இரண்டும் உளி செய்த வேலைதானே!

பாம்பின் கால்

'பாம்பின் கால் பாம்பு அறியும்' என்பது நம் பழமொழி. அந்தக் காலை மனிதனும் அறிந்தான் என்பதுதான் அறிவியலின் பெருமை. மண்ணுளிப் பாம்பு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? தென் அமெரிக்கக் காடுகளிலே நீரில் கிடக்கும் அனகோண்டாவுக்கு உறவு! போவா என்று சொல்லப்படும் பெரும்பிரிவைச் சேர்ந்தது. இந்தப் பாம்புகளின் கழிவாய் ஓரத்திலே, இரண்டு பக்கமும் நகம் போன்ற சிறு முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஆணிடம் தெளிவாகத் தெரியும். அது என்ன? காணாமற்போன பின்னங்காலின் மிச்சம்! பாம்புகளின் முன்னோர் கால்கள் உடைய பல்லி இனத்தவர் என்பதற்கு, இந்த உயிர் தன் உடம்பிலேயே சான்றிதழ் சுமந்து திரிகிறது. 'படைத்தான், படைத்தபடியே இருக்கிறது' என்று பாடம் நடத்துவோரின் வாயை அடைக்க, ஓட்டப்பிடாரத்து மண்ணுக்கு அடியிலே இருக்கும் இந்த ஒரு முள் போதும்!

மலைப்பாம்பும் இதுவும் ஒன்றா? அல்ல. மலைப்பாம்பு முட்டையிடும், மண்ணுளியோ குட்டி ஈனும். ஆறு, எட்டு என்ற அளவில் ஈனும். பூச்சிகளைப் போல் ஆயிரக்கணக்கில் பெருகும் உயிர் அன்று. நம் நாட்டில் முதன்மையாக இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, மொட்டை வாலுடைய இருதலை மணியன். மற்றொன்று, சொரசொரப்பான செதிலும், கூம்பிய சிறு வாலும், முதுகிலே திட்டுத் திட்டான கறைகளும் உடைய மண்ணுளி. இந்த இரண்டாவது வகை மன்னார் வளைகுடாவைத் தாண்டி, இலங்கையின் வறண்ட வடபகுதியிலும் வாழ்கிறது. எல்லைக் கோடும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. மணல் எங்கே உண்டோ அங்கே அதற்கு வாழ்வு உண்டு. இவற்றின் உறவினத்தார் ஆப்பிரிக்காவிலும், மேற்கு ஆசியாவிலும், நடு ஆசியாவிலும், ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையிலும் கூட இருக்கின்றனர். மூன்றாவதாக ஒரு வகையை, நம் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து 1991இல் இந்திரநீல் தாஸ் என்னும் ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தார். பாம்புகளைக் காக்கப் பாடுபட்ட ரோமுலஸ் விட்டேக்கரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

இருதலை மணியனின் அறிவியல் பெயரிலே தமிழ்நாடு இருக்கிறது என்றால் வியப்பீர்கள். எரிக்ஸ் ஜானியை என்பது அதன் பெயர். யார் அந்த ஜான்? தரங்கம்பாடியிலே வாழ்ந்த செருமானியப் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் (1747–1813). நம் கரையிலிருந்து மீன்களையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். அவர் பெயரால் 1801இல் இந்தப் பாம்புக்குப் பெயரிட்டவர் பாட்ரிக் ரசல். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்டவர். பாம்புக் கடிக்குத் தஞ்சை மாத்திரை கைகண்ட மருந்து என்று ஊரெல்லாம் பேசிய காலத்திலே, பேச்சை நம்பாமல், உயிரினங்களுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க முனைந்தவர் அவர். ஜான் பாதிரியார்தான், கம்பெனிக்காரர்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பாம்பைக் கண்டதும் ஒருவர் புட்டியிலே இட்டுப் படித்தார், மற்றவர் படம் வரைந்து பதிவு செய்தார். அதே காலத்தில் நம் பண்டிதர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பாம்புக்குத் தோஷம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

பாம்புக்கும் சாதி!

நான் மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். மனிதனை நான்கு வருணமாகப் பிரித்த கைகள், பாம்பையும் விடவில்லை! சுசுருத சம்ஹிதை என்னும் பழைய மருத்துவ நூலைப் புரட்டிப் பாருங்கள். முத்துப் போலவும் வெள்ளி போலவும் ஒளிரும் பாம்பு பிராமணப் பாம்பு. பளபளத்துச் சினம் கொள்வது சத்திரியப் பாம்பு. பின்னர் வைசியப் பாம்பு. கடைசியிலே சூத்திரப் பாம்பு! நிறத்தைப் பார்த்து வருணம்! ஊர்ந்து செல்லும் உயிருக்கும் பூணூல் மாட்டிப் பார்க்கும் ஆசையை என்னென்பது!

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே நூலிலே படம் எடுப்பவை, வட்டப் புள்ளி உடையவை, கோடு உடையவை, நஞ்சு அற்றவை என்று மற்றொரு பகுப்பும் இருக்கிறது. அது கண்ணால் கண்டு செய்த பகுப்பு. மருத்துவனுக்குப் பயன்படும் பகுப்பு. அதை எழுதிய கை அறிவின் கை. அதன் பக்கத்திலேயே வருணத்தை எழுதிய கை வைதிகத்தின் கை. ஒரே ஏட்டில் இரண்டு கைகள். நாடு எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டுமா?

தமிழன் செய்த பகுப்பு ஒன்றும் உண்டு. தொல்காப்பியத்து மரபியலிலே, ஓரறிவு முதல் ஆறறிவு வரை, உயிர்களை அவற்றின் புலன்களைக் கொண்டு வரிசைப்படுத்தும் முயற்சி இருக்கிறது. இன்றைய உயிரியல் அதை அப்படியே ஏற்காது. ஆயினும் அளவுகோல் எது என்று பாருங்கள்: பிறப்பு அல்ல, நிறம் அல்ல, உணரும் ஆற்றல்! அந்த மரபியலிலேயே நால்வகை வருணம் பேசும் பகுதியும் இருப்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. நம் வீட்டுக் குப்பையை நாமே கூட்டுவோம்.

இன்றைய அறிவியல் எப்படிப் பகுக்கிறது? 1758இல் லின்னேயசு வகுத்த இருபெயர் முறையிலே தொடங்கியது. 1803இல் தோதென் என்னும் பிரெஞ்சு அறிஞர் மண்ணுளிகளை 'எரிக்ஸ்' என்று தனிப் பேரினமாக்கினார். வட அமெரிக்காவிலே மண்ணைத் துளைக்கும் போவாக்கள் சிலவும் இவற்றைப் போலவே இருந்ததால், எல்லாம் ஒரே குலம் என்று நெடுநாள் கருதினர். பின்னர் மரபணுவைப் படித்தனர். தோற்றம் ஒன்றாக இருந்தாலும் வழி வேறு என்று தெரிந்தது. மண்ணைத் துளைக்கும் வாழ்க்கை, வேறு வேறு குலத்தவரையும் ஒரே அச்சிலே வார்த்திருக்கிறது! உடனே அறிஞர்கள் என்ன செய்தனர்? பழைய பட்டியலைத் திருத்தினர். மண்ணுளிகளைத் தனிக் குடும்பமாகவே கொள்ளலாம் என்று சிலர் வாதிடுகின்றனர். போவாக் குடும்பத்தின் உட்பிரிவாகவே வைக்கலாம் என்கின்றனர் சிலர். வாதம் நடக்கிறது, வாளெடுக்கவில்லை. 'எங்கள் ஏட்டில் எழுதியதை மாற்றினால் பாவம்' என்று எவரும் அலறவில்லை.

மற்றொரு சான்று. போவாக்கள் இரையை மூச்சுத் திணறடித்துக் கொல்கின்றன என்றே நூல்கள் எழுதிவந்தன. இறுக்கும்போது இரையின் குருதியோட்டமே நின்றுவிடுகிறது, அதனால்தான் அத்தனை விரைவில் மாள்கிறது என்று 2015இல் சோதனை காட்டியது. நூல்கள் திருத்தப்பட்டன. இதுதான் தோழர்களே வேறுபாடு! சாதியின் பட்டியல் கல்வெட்டு. அறிவியலின் பட்டியல் கரும்பலகை. கல்வெட்டு தவறானாலும் கும்பிடச் சொல்லும். கரும்பலகை தவறானால் அழித்து எழுதச் சொல்லும்.

பெயர் தெரியாமை உயிர் குடிக்கும்

'பாம்பைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு? சோற்றுக்கு ஆகுமா?' என்று கேட்பார் உண்டு. சோற்றுக்கும் ஆகும், உயிருக்கும் ஆகும்.

முதலில் சோறு. உழவன் விளைவித்த தானியத்திலே வரி கேட்காமல் பங்கு எடுத்துக்கொள்பவன் எலி. அந்த எலியின் வளைக்குள்ளேயே நுழைந்து வேட்டையாடும் கூலியில்லாக் காவலன் இருதலை மணியன். காவலனைப் பிடித்துச் சாக்கிலே கட்டி விற்றுவிட்டு, கடையிலே எலி மருந்து வாங்கும் அறிவை என்னென்று புகழ்வது!

அடுத்து உயிர். திட்டுத் திட்டான கறையுடைய மண்ணுளியை மேலோட்டமாகப் பார்த்தால், கண்ணாடி விரியனைப் போலவே இருக்கும். கண்ணாடி விரியன் கொடிய நஞ்சுடையது. அதன் அறிவியல் பெயரும் அதே ரசலின் நினைவாக ஏற்பட்டதுதான். மண்ணுளி என்று எண்ணி, கோடி ரூபாய் ஆசையில் விரியனைக் கையால் தூக்கினால் என்ன ஆகும்? விரியன் என்று எண்ணி மண்ணுளியை அடித்தால் ஓர் ஏழை உயிர் போகும். மண்ணுளி என்று எண்ணி விரியனைத் தொட்டால் ஒரு குடும்பத்தின் விளக்கு அணையும். வகைப்பாடு என்பது கல்லூரிப் பாடம் மட்டும் அல்ல. வரப்பிலே நடப்பவனின் உயிர்ப் பாதுகாப்பு!

2000 முதல் 2019 வரை, இருபது ஆண்டுகளில், இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்! பெரும்பாலோர் நாட்டுப்புறத்து ஏழைகள், உழவர்கள், கூலிகள். நம் நாட்டுப் பாம்பு வகைகளிலே பெரும்பான்மை நஞ்சற்றவை, அல்லது மனிதனைக் கொல்லும் அளவு நஞ்சற்றவை. ஆட்கொல்லிகளிலே முதன்மையானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இங்கேதான் மந்திரவாதியின் பிழைப்பு நடக்கிறது. மண்ணுளி போன்ற நஞ்சற்றது கடித்தவன் அவனிடம் போவான், வேப்பிலை அடிப்பான், கடிபட்டவன் பிழைப்பான். பிழைக்கத்தானே செய்வான்! நஞ்சே இல்லையே! 'மந்திரம் பலித்தது' என்று ஊர் பறைசாற்றும். மறுநாள் விரியன் கடித்தவனும் அவனிடமே போவான். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் மந்திரத்திலே போகும். அவன் மாண்டால், 'விதி' என்பார்கள். பிழைத்தால் மந்திரம், மாண்டால் விதி! இந்தச் சூதாட்டத்திலே மந்திரவாதி தோற்பதே இல்லை. தோற்பவன் பாடையிலே போகிறான்.

இன்னொரு கொடிய பொய்: 'மண்ணுளிப் பாம்பு நக்கினால் குட்டம் வரும்.' குட்டம் வருவது ஒரு நுண்ணுயிரியால் என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டார். கூட்டு மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. நோய் முற்றிலும் குணமாகும். வெண்புள்ளியோ தொற்றுநோயே அன்று. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் அழிவதால் வருவது. பாம்பு நாக்கை நீட்டுவது காற்றிலுள்ள மணத்தை அறிவதற்கு. யாருக்கும் நோய் தடவுவதற்கு அல்ல! இந்தப் பொய்யினால் பாம்பு மட்டுமா அடிபடுகிறது? மருத்துவரைத் தேட வேண்டிய நோயாளி, 'பாம்பு தீண்டிய பாவி' என்று ஒதுக்கப்பட்டு, வீட்டின் பின்புறத்திலே முடங்குகிறானே!

ஒரே பாம்பு! ஓர் ஊரிலே அது நக்கினால் குட்டம். அடுத்த ஊரிலே அதை வைத்திருந்தால் கோடி! மூடநம்பிக்கைக்குத்தான் இரண்டு தலை தோழர்களே, பாம்புக்கு அல்ல! ஒரு தலை அச்சம், மறு தலை பேராசை. பகலிலே ஒன்று கடிக்கும், இரவிலே மற்றொன்று கடிக்கும்.

கடலிலே நடந்த கதை

தூத்துக்குடிக் கரையினருக்கு இந்த வாணிபம் புதிதன்று. முத்துக் குளிக்கும் கடலிலே சுறாவின் அச்சம் இருந்தது. அந்த அச்சத்தை விலையாக்கியவர்கள் கடல்கட்டிகள்; மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்னவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இக்கரை வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: முத்துக் குளிக்கும் வணிகர், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தனர், மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர். வேடிக்கை என்னவென்றால், இரவு வந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். எவனும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாது அல்லவா! சுறாவுக்குக் கூட வேலை நேரம் வைத்த வித்தகர்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, வெள்ளை அரசு நடத்திய முத்துக் குளிப்பிலும் இந்தச் சுறாக்கட்டுவோர் இடம் பெற்றிருந்தனர்.

மூச்சை அடக்கி ஆழத்திலே இறங்கியவன் பரதவன். உயிரைப் பணயம் வைத்தவன் அவன். கரையிலே உட்கார்ந்து முணுமுணுத்தவனுக்குப் பங்கு! சுவாதி மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகிறது என்று பாடிக்கொண்டிருந்தது பழமை. சிப்பியின் உடற்சவ்வு சுரந்து சுரந்து அடுக்கும் பொருளே முத்து என்று கண்டது அறிவு. அந்த அறிவைக் கைக்கொண்டு, தூத்துக்குடியிலே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் முத்தை வளர்த்தே காட்டினர்! சுவாதியும் வரவில்லை, மந்திரமும் வரவில்லை. சிப்பியும் சிந்தனையும் போதுமாக இருந்தன.

அந்த முத்துக் கரைக்குப் பக்கத்து ஊரிலே, இன்று பாம்பைத் தராசில் போட்டுக் கோடி எண்ணுகிறார்கள் என்றால், நாம் முன்னேறினோமா, மூழ்கினோமா?

'வெளிநாட்டான் மருந்து செய்கிறானாமே' என்பார் உண்டு. இந்தப் பாம்பிலிருந்து நோய் தீர்க்கும் மருந்து எதையும் எந்த மருத்துவ அறிவியலும் கண்டதில்லை. மேலைநாடுகளிலே மண்ணுளி இனங்களைப் பொழுதுபோக்குக்காக வளர்த்துக் குட்டி ஈனச் செய்பவர்களே இருக்கிறார்கள். அங்கே அவை கோடிக்கு விலைபோகவில்லை. அங்கே வீட்டுப் பெட்டியிலே பிறக்கும் உயிருக்கு, இங்கே கோடி கொடுக்க எவன் வருவான்?

வருகிறவர்கள் காவல் துறையினரும் வனத்துறையினரும்தான்! 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். 2016 முதல் 2021 வரை, செய்தித்தாள்களில் வெளிவந்தவற்றை மட்டும் தொகுத்துப் பார்த்ததில், இருதலை மணியன் கடத்தல் தொடர்பாக 18 மாநிலங்களில் 172 நிகழ்ச்சிகள் காணப்பட்டன. பிடிபடாதவை எத்தனையோ! உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும், அழிவின் விளிம்பை நெருங்கும் உயிர்களின் பட்டியலிலே இதைச் சேர்த்துவிட்டது. சாக்கு மூட்டையுடன் பேருந்து நிலையத்திலே பிடிபடுபவன் யார்? ஆடு மேய்த்தவன், கூலிக்குச் சென்றவன், கடனில் தத்தளித்தவன். பாம்பு கூண்டுக்குப் போகிறது. ஏழை சிறைக்குப் போகிறான். கதை கட்டியவன் அடுத்த ஊருக்குப் போகிறான்.

பாம்பறிந்தவர் யார்?

பாம்பை உண்மையிலேயே அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு. வேதம் ஓதியவர்கள் அல்லர். பள்ளிக்கூட வாசலையே காணாத இருளர் மக்கள்! மண்ணிலே தடம் பார்த்து, எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்லக்கூடியவர்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்த தொழிலைச் சட்டம் நிறுத்திய பிறகு, 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், நச்சுப் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டிலே விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து பிறக்கிறது. அவர்களிலே வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. ஏட்டிலே பாம்புக்குப் பூணூல் மாட்டியவன் ஓர் உயிரையும் காக்கவில்லை. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவன் ஆயிரமாயிரம் உயிர்களைக் காக்கிறான்! எவன் உயர்ந்தவன்? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இளைஞர்காள்! அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டமே சொல்கிறது. சட்டப் புத்தகத்திலே இருப்பது சாவடிக்கு வர வேண்டாமா? உங்கள் ஊரிலே நான்கு நச்சுப் பாம்புகளின் படத்தையும், மண்ணுளிகளின் படத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள், வேறுபாட்டைச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர், கீறாதீர், மந்திரவாதியிடம் ஓடாதீர், அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வீர் என்று முழங்குங்கள். கைப்பேசியிலே 'கோடி ரூபாய்ப் பாம்பு' என்று படம் வந்தால், அனுப்பியவனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'வாங்கியவன் யார்? பெயர் சொல்!' அந்த ஒரு கேள்விக்கு எந்தத் தரகனிடமும் விடை இல்லை. பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் தடியைத் தேடாதீர்கள். வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லி அனுப்புங்கள்.

அந்த ஊரிலே உதித்த ஒருவனால் ஒரு கப்பல் புறப்பட்டது. 'முடியாது' என்று ஊர் சொன்னதை, 'ஏன் முடியாது?' என்று கேட்டதனால் புறப்பட்டது. அதே கேள்வியைத்தான் இன்றும் கேட்கச் சொல்கிறேன். கடலிலே அன்னியனைக் கேட்ட கேள்வியை, கரையிலே நம்மவனையும் கேட்போம்.

இருதலை மணியனுக்குத் தலை ஒன்றே. அது மண்ணுக்குள் இருக்கிறது, உழைக்கிறது, உழவனைக் காக்கிறது. நமக்கும் தலை ஒன்றே. அதை மண்ணிலே புதைத்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டிருப்பதா? பாம்பு அதைச் செய்தால் தற்காப்பு; மனிதன் அதைச் செய்தால் தற்கொலை!